நீலகிரியில் மண் வெட்டும் அனுமதியும் மழைநீர் வழியும்: அனுபவப் பகிர்வு

குன்னூர்ச் சரிவு:
மண் வெட்டும் இயந்திரமான பொக்லைனுக்கு நீலகிரியில் உள்ள தடையையும், ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியையும் இங்கே அனைவரும் அறிவீர்கள் என்பதால், நேராக நடந்ததற்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கு மேலே பெரியப்பா மகன் வீடு கட்டுவதற்காகச் சரிவை வெட்டினார். ஆட்களை வைத்து வெட்டுவதாகத்தான் பேச்சு. ஆனால் மூன்று இரவுகள் பொக்லைன் வந்து போயிற்று. வெட்டிய செம்மண் முழுவதும் பக்கத்து ஓடையில் சரிக்கப்பட்டது. அண்ணனாயிற்றே என்று நான் எங்கும் மனு கொடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் எப்போதும் கேட்கும் ஓடைச் சத்தம் மட்டும் இல்லை. டார்ச்சுடன் போய்ப் பார்த்தபோது, துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே கணுக்கால் அளவு நீர்கூட இல்லாமல், கல்லிடுக்குகளில் செங்கலைக் கரைத்தது போன்ற குழம்பு தேங்கி நின்றது. அவ்வளவு மழையில் ஓடை வற்றுகிறதென்றால் மேலே மண் அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது புரியச் சில நொடிகள் பிடித்தன. அம்மாவையும் சித்தி குடும்பத்தையும் எழுப்பிச் சாலைக்கு ஏற்றினோம். அரை மணி நேரத்துக்குள் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வந்து, சித்தி வீட்டுச் சமையலறைச் சுவரையும் மாட்டுக் கொட்டகையையும் அடித்துச் சென்றது. பசுவை அவிழ்த்துவிட மட்டும் நேரம் கிடைத்தது. அந்த மூன்று இரவுகளில் ஒன்றிலாவது கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் அறுக்கிறது.

ஐந்து சென்ட்:
நண்பரின் வேதனை புரிகிறது. ஆனால் பொக்லைனை மட்டும் குற்றவாளியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் முறைப்படி விண்ணப்பித்து, பதினான்கு மாதங்கள் அலைந்து, மண்வெட்டியாலும் கடப்பாரையாலும்தான் வெட்டினேன். கட்டடத்துக்கான 7 மீட்டர் உயர வரம்பையும் மீறவில்லை. இருந்தும் இரண்டாம் ஆண்டு மழையில் தடுப்புச் சுவர் வயிறு தள்ளியது. பூச்சில் விழுந்த விரிசலில் என் சுண்டுவிரல் நுழைந்தது; விரலை எடுத்ததும் அதே இடத்திலிருந்து நீர் பீய்ச்சி அடித்துச் சட்டையை நனைத்தது. பார்வையிட வந்தவர்கள் உயரத்தை அளந்தார்களே தவிர, சுவருக்குப் பின்னால் சேரும் நீர் எப்படி வெளியேறும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேத்தி விவசாயி:
2009 நவம்பர் 10 அன்று காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் எங்கள் கேத்தியில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. விடிந்து பார்த்தபோது, கேரட் வயலின் மேல் அடுக்கு பயிரோடு இறங்கிக் கீழ் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஐந்து சென்ட் தம்பி, இயந்திரத்துக்காக வாதாட வேண்டாம். ஆட்கள் ஒரு மாதம் வெட்டும் மண்ணைப் பொக்லைன் ஓரிரவில் வெட்டிவிடுவதால், நடுவில் யாரும் கேட்கவோ நிறுத்தவோ வழியே இல்லாமல் போகிறது. நீர் வெளியேறும் வழியைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் முழு உண்மை. கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையையும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையையும் கணக்கில் வைத்து, மாசி பங்குனியிலேயே வெட்டிச் சுவரையும் முடித்துவிட வேண்டும். வெட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கால்வாய் எடுத்து, மேலிருந்து வரும் நீரை வெட்டுமுகத்தில் இறங்கவிடாமல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். சுவரில் துளைகள் விட்டால் மட்டும் போதாது. பின்னால் ஜல்லி நிரப்பாவிட்டால் மண் வந்து அவற்றை அடைத்துவிடும். கூரை நீரையும் செப்டிக் டேங்க் நீரையும் வெட்டின் மேல்விளிம்பில் ஊறவிடுவது, நாமே சரிவை நனைத்துத் தள்ளுவதற்குச் சமம். தேயிலைத் தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே வெட்டியிருக்கும் குழிகளைப் பாருங்கள்; அவை ஓடும் நீரை நிறுத்தி, மண்ணைப் படியவைத்துவிடுகின்றன. வீட்டுமனையிலும், வெட்டின் மேல்விளிம்பைத் தவிர்த்த இடங்களில், அதைச் செய்யலாம்.

குன்னூர்ச் சரிவு:
ஐயா, நீங்கள் சொன்ன கால்வாயை இந்த ஆண்டு எடுத்துவிட்டோம். தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நான் பொக்லைனை விட ஓடையில் கொட்டிய மண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு அண்ணனின் வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். வீடு, படிக்கட்டு, செப்டிக் டேங்க் எல்லாம் அளவோடு குறிக்கப்பட்டிருந்தன. வெட்டும் மண் எங்கே போகும் என்பதற்கு அதில் ஒரு கோடுகூட இல்லை, ஓடையும் வரையப்பட்டிருக்கவில்லை.