ஏற்காடு மலைப்பாதை: வண்டிக்கு வண்டி பேசினால் நெரிசல் குறையுமா?

மலைக்காற்று:
போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வேன் ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. கீழேயிருந்து வண்டிகள் பாட்டுக்கு ஏறி வந்துகொண்டே இருந்தன. முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பேர் குப்பனூர் வழியாகப் போயிருப்பார்கள். இதற்குத்தான் வண்டிக்கு வண்டி பேசும் கருவி இருக்கிறதே! எங்கே இருக்கிறது, என்ன வேகம், பிரேக் போட்டதா என்று ஒவ்வொரு வண்டியும் விநாடிக்கு 10 முறை சொல்லிக்கொண்டே போகும். போன் டவரே வேண்டாம். நம் மலைக்கு ஏன் வரக்கூடாது?

தொப்பூர் டிரைவர்:
தம்பி, நான் லாரிக்காரன். தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவனையும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனவனையும் நிறையப் பார்த்தாயிற்று. முன்னால் விபத்து என்று பெட்டி கத்தினால் பிரேக் இல்லாதவன் எதை மிதிப்பான்?

மலைக்காற்று:
அண்ணே, அந்தச் செய்தி அவனுக்கு இல்லை. அவனுக்கு முன்னால் போகிறவர்களுக்கு. பின்னால் ஒன்று கட்டுமீறி வருகிறது என்று தெரிந்தால் ஒதுங்கலாமே.

தொப்பூர் டிரைவர்:
ஹாரனும் ஹெட்லைட்டும் அதைத்தானே சொல்கின்றன. ஒதுங்க இடம் இருந்தால்தானே ஒதுங்குவது?

ஆன்டெனா:
இரண்டு பேருக்கும் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இந்தக் கருவிகள் 5.9 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசுகின்றன. நேர் பார்வை இருந்தால் சில நூறு மீட்டர் எட்டும். நடுவில் மலை வந்தால் படுத்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் அடுத்த திருப்பத்து வண்டிகூடப் பாறைக்குப் பின்னால்தான். அப்புறம் கணக்கு: நூற்றில் 10 வண்டியில் கருவி இருந்தால், எதிரெதிரே வரும் இரண்டிலும் அது இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்று. அமெரிக்காவில் 1999லேயே இதற்கென்று 75 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அலைவரிசை ஒதுக்கினார்கள். பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை என்று 2020இல் 45ஐ வைஃபைக்குக் கொடுக்க முடிவு செய்துவிட்டார்கள்.

மலைக்காற்று:
ஐரோப்பாவையும் சொல்லுங்களேன். 2018 மார்ச் 31 முதல் அங்கே புதிதாக அனுமதி பெறும் கார் மாடல்களில், மோதினால் தானே 112க்குப் போன் போடும் வசதி கட்டாயம். அதற்கு எதிர் வண்டியில் கருவி வேண்டாம், ஒரு கார் போதும்.

ஆன்டெனா:
சரி, அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது மொபைல் சிக்னலை நம்புகிறது. மலையில் சில திருப்பங்களில் என் போனுக்கே கோடு வராது. அதனால்தான் சொல்கிறேன்: காரில் வைப்பதைவிட வளைவுகளில் கம்பம் நட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தியைக் கடத்தி, அடிவாரத்தில் ஒரு பலகையில் காட்டுங்கள். கருவி இல்லாத ஸ்கூட்டிக்காரருக்கும் புரியும்.

செவ்வாய்ப்பேட்டை:
கம்பமா? குரங்குகள் விட்டு வைக்குமா! எங்கள் பகுதியில் ஓடும் ஒரு பஸ்ஸில் அவசரத்துக்கு அழுத்தும் சிவப்பு பட்டன் இருக்கிறது. யாரும் தெரியாமல் அழுத்திவிடக் கூடாதென்று மேலே செல்லோடேப் ஒட்டி வைத்திருந்தார்கள்.

தொப்பூர் டிரைவர்:
பலகை என்றால் எனக்குச் சம்மதம். நாங்கள் செய்வதும் அதுதானே. வண்டி நின்றால் மரக்கிளையை ஒடித்துப் பின்னால் இருபது முப்பது அடி தள்ளிப் போடுவோம், டயருக்குக் கல் வைப்போம். இலை பார்த்ததும் பின்னால் வருகிறவனுக்குத் தெரிந்துவிடும். ஒரே தொல்லை, வண்டி கிளம்பிய பிறகும் கல் நடுரோட்டிலேயே கிடக்கும். ராத்திரியில் பைக்காரன் அதில் ஏறி விழுவான். உங்கள் செய்தியும் அப்படிக் கிடக்குமா?

ஆன்டெனா:
கேட்க வேண்டிய கேள்வி அண்ணே. ஐரோப்பியத் தரமுறையில் எச்சரிக்கைச் செய்திக்கு ஆயுள் உண்டு. நேரம் முடிந்தால் தானே அழியும், அனுப்பியவரே முன்கூட்டி ரத்தும் செய்யலாம். வண்டி அங்கேயே நின்றால் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

தொப்பூர் டிரைவர்:
பேட்டரியே செத்து நின்ற வண்டி?

ஆன்டெனா:
அது அனுப்பாது.

தொப்பூர் டிரைவர்:
அப்போ கிளை ஒடிக்கத்தான் வேண்டும்.