வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள்: பேட்டி, கருத்துக்கணிப்பு, கோப்பு

பேட்டிக்காரன்:
வியட்நாம் போருக்குப் போய்வந்த அமெரிக்க வீரர்களின் பேட்டிகளைப் பதிவு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "திரும்பி வந்தபோது எல்லோரும் எங்களை வெறுத்தார்கள்" என்று ஒருவர் சொன்னதும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடாதீர்கள். எந்த மாதம், எந்த விமான நிலையம், சீருடையில் இருந்தாரா, கூட யார் இறங்கினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "யாருமில்லை, தனியாகத்தான்" என்றே பதில் வரும். காரணம் இதுதான்: தரைப்படையில் ஆளுக்கு 12 மாதக் கெடு, மரீன் படையில் 13. கெடு முடிந்தவர் தன் பிரிவை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறுவார். இரண்டாம் உலகப் போர்க்காரர்கள் கூட்டாளிகளோடு கப்பலில் நாள்கணக்கில் பேசிக்கொண்டே வந்தார்கள். இவரோ ஓரிரு நாளில் போர்முனையிலிருந்து வீட்டு வாசலில். ஊர்வலம் வைக்க ஊர் நினைத்தாலும் யாருக்கு, எந்தத் தேதியில் வைப்பது? நியூயார்க்கில் அவர்களுக்கென்று பெரிய ஊர்வலம் நடந்தது 1985 மே மாதத்தில்தான். போர் முடிந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது.

விமான நிலையத்தில் முகத்தில் துப்பினார்கள் என்ற கதையும் வரும். 1987இல் பத்தி எழுத்தாளர் பாப் கிரீன் இதை வீரர்களிடமே கேட்டார். ஆமாம் என்றும் கடிதம் வந்தது, எங்களை அன்பாக நடத்தினார்கள் என்றும் வந்தது. 1998இல் சமூகவியலாளர் ஜெர்ரி லெம்கி, போர் நடந்த காலத்துப் பதிவுகளில் ஆதாரம் இல்லை என்று வாதிட்டார். அதை மறுப்பவர்களும் உண்டு. பேட்டி எடுப்பவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு, அதைச் சொன்ன ஆண்டு இரண்டையும் எழுதி வைத்தால் போதும்.

கணக்குப்பிள்ளை:
சார் சொன்ன அதே எச்சரிக்கை கருத்துக்கணிப்புக்கும் பொருந்தும். கேலப் நிறுவனம் ராணுவத்தின் மீது எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டு, "மிக அதிகம்", "கணிசமாக உண்டு" என்ற இரண்டு விடைகளையும் கூட்டிச் சொல்லும். 1975இல் 58 விழுக்காடு, 1981இல் 50, வளைகுடாப் போர் முடிந்த கையோடு 1991இல் 85, 2023இல் 60. முன்னாள் அதிபர் ரீகன் பெயரிலுள்ள அறக்கட்டளையின் கணிப்பில் செய்தித் தலைப்புக்கு வருவது "மிக அதிகம்" மட்டும்: 2018இல் 70, 2021இல் 45. இரண்டு கணிப்பையும் ஒரே வரைபடத்தில் ஒட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. கோடு செங்குத்தாக விழும், பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் அதற்குப் பொருளே கிடையாது.

இன்னொன்று. இந்தக் கேள்வி கேட்பது ராணுவம் என்ற அமைப்பைப் பற்றி, திரும்பி வந்த மனிதரைப் பற்றி அல்ல. தளபதிகளை நம்பாதவர் பக்கத்து வீட்டு முன்னாள் வீரரை மதிக்கலாம். கட்டாய ஆள்சேர்ப்பு 1973இல் நின்ற பிறகு இந்த இடைவெளி கூடியது. 1980இல் அமெரிக்கப் பெரியவர்களில் 18 விழுக்காட்டினர் முன்னாள் படையினர். 2018இல் ஏறத்தாழ 7. இன்று "உங்கள் சேவைக்கு நன்றி" என்று சொல்பவர்களில் பலருக்குத் தங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை. அதைக் கேட்டுச் சில வீரர்கள் நெளிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கோப்பு ராணி:
வெறுப்பு மக்களிடமிருந்து மட்டும் வரவில்லை, காகிதத்திலும் வந்தது. டிடி-214 என்ற விடுவிப்புச் சான்றில், ஏன் விடுவிக்கப்பட்டார் என்பதற்கு ஸ்பின் எண் என்றொரு குறியீடு இருந்தது. அதன் பொருள்பட்டியல் வேலை கொடுப்பவர்கள் கைக்கும் போய்ச் சேர்ந்தது. "வேலைக்குப் போனேன், காகிதத்தைப் பார்த்ததும் முகம் மாறியது" என்று பேட்டியில் யாராவது சொன்னால் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். 1974இல் குறியீட்டை அச்சிடுவதை நிறுத்தினார்கள். பழைய சான்று வைத்திருந்தவர் குறியீடில்லாத புதுப் பிரதி கேட்கலாம். ஆகவே கையிலிருப்பது எந்தப் பிரதி என்றும் கவனியுங்கள்.

படிப்புதவியிலும் வேறுபாடு. இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கான 1944 சட்டம் ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்லூரிக்கே கட்டியது, செலவுக்குத் தனியே கொடுத்தது. வியட்நாம் காலத்தவருக்கு வந்த 1966 சட்டத்தில் மணமாகாத முழுநேர மாணவருக்கு மாதம் 100 டாலர். கட்டணமும் சாப்பாடும் அதற்குள்தான். "எங்க அப்பாவுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை" என்ற புலம்பல் இங்கிருந்து வருகிறது.

வாசகர்:
அக்கா, செயின்ட் லூயிஸ் நகரில் படையினரின் பணிக்கோப்புகள் இருந்த காப்பகத்தில் நடந்த தீவிபத்தில் கோப்பு எரிந்துவிட்டது என்று சொல்கிறார்களே?

கோப்பு ராணி:
அது 1973 ஜூலை 12. தரைப்படையில் எரிந்தவை 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகள், அதில் 80 விழுக்காடு. வியட்நாமில் சண்டையிட்டுத் திரும்பிய தரைப்படைக்காரர் அந்த வரம்பில் வரமாட்டார். கோப்பின் பிரதி கேட்பதற்கான எஸ்எஃப்-180 படிவத்தை நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள்.