டார்ட்மூரில் கட் ஹில்: நவம்பரில் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

கேள்வி (ஒற்றையடி):
இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் இருக்கிற கட் ஹில் குன்றின் உயரம் 603 மீட்டர்தான். போஸ்ட்பிரிட்ஜ் கிராமத்திலிருந்து வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஆறு கிலோமீட்டர் சொச்சம். டார்ட்மூரின் உயரமான உச்சியான ஹை வில்ஹேஸ் பக்கம் ஆள் நடமாட்டம் அதிகம் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். காலை பத்து மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாமா? கைப்பேசி வரைபடம் போதுமா?

சேற்றுக்கால்:
பத்து மணி ரொம்பத் தாமதம், விடிந்ததும் கிளம்புங்கள். அங்கே தூரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், தரைதான் கணக்கு. கிழக்கு டார்ட் ஆற்றை ஒட்டி அருவி வரை ஓரளவு தடம் இருக்கும், சாண்டி ஹோல் பாஸ் தாண்டியதும் அது கரைந்துபோய்விடும். அதற்குமேல் முழுக்க பீட், அதாவது ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செடிகள் நீரில் ஊறி முழுதும் மட்காமல் சேர்ந்த கறுப்பு மண். அரிப்பில் அது மேடும் பள்ளமுமாகப் பிளந்து கிடக்கும், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குள் திசை மாறியிருக்கும். பளிச்சென்ற பச்சையில் பாசி தெரிந்தால் அதில் கால் வைக்காதீர்கள், சுற்றிப் போங்கள். கைப்பேசி இருக்கட்டும், ஆனால் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மழையில் தொடுதிரையும் மக்கர் பண்ணும். டார்ட்மூருக்கான ஓஎல்28 காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். உச்சி தட்டையாக இருப்பதால் பனிமூட்டத்தில் எந்தப் பக்கம் ஏறினோம் என்பதே தெரியாது.

வடகாற்று:
முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. வடக்கு டார்ட்மூரில் பெரும்பகுதி ராணுவத்தின் துப்பாக்கிச் சுடுதளம். சுடும் நாட்களை முன்கூட்டியே வெளியிடுவார்கள், அதைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் இருந்தால் எல்லைக்குள் போகாதீர்கள். சுடாத நாளிலும் தரையில் உலோகமாக எது கிடந்தாலும் தொட வேண்டாம்.

ஒற்றையடி:
சரி, விடிந்ததும் கிளம்புகிறேன். உச்சியில் பார்க்க ஏதாவது உண்டா, இல்லை வெறும் புல்தானா?

கல்வரிசை:
மேலோட்டமாகப் பார்த்தால் புல்தான். ஆனால் 2004-இல் அங்கே ஆதிகால மனிதர்கள் வைத்த ஒரு கல்வரிசையைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பது கற்கள், எல்லாம் படுத்த நிலையில். பீட்டைக் காலக்கணிப்பு செய்ததில் கி.மு. 3500-க்கும் முந்தையவை என்று தெரிந்தது. பெரிதாக நிற்கும் கற்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், எனக்கென்னவோ படுத்துக் கிடப்பதே பிடிக்கும். மேற்கே ஃபர் டோர் என்ற பாறைக்குன்று ஒரு கிலோமீட்டர்தான். குதிரையும் மாடும் கடக்க அந்தக் காலத்தில் பீட்டை வெட்டிப் போட்ட பாதைகள் அங்கே உண்டு, கிடைத்தால் விடாதீர்கள், நேரம் மிச்சம்.

சேற்றுக்கால்:
நேரம் போதாது என்று தோன்றினால் கூடாரம் எடுத்துப் போங்கள். அங்கே கூடாரம் அடிக்கும் உரிமையை 2025 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது. எந்தெந்தப் பகுதியில் அடிக்கலாம் என்பதைத் தேசியப் பூங்காவின் வரைபடத்தில் பாருங்கள், அப்புறம் அன்றிரவு சுடுகிறார்களா என்றும்.