வெள்ளீயம்/ஜெர்மேனியம்(111): யு சேர்த்தால் 3×3 மின்னூட்ட அலை ஏன் மறைகிறது?

கேள்வி:
ஜெர்மேனியம்(111) பரப்பில் மூன்றிலொரு அடுக்கு வெள்ளீயம். அறை வெப்பநிலையில் திரும்பத் திரும்ப வரும் கட்டம் √3×√3 (வெள்ளீய அணுக்கள் ஒரே மாதிரி தெரியும்), சுமார் 210 கெல்வினுக்குக் கீழே மூன்று வெள்ளீய அணு கொண்ட 3×3 (மின்னூட்டம் அணுவுக்கு அணு ஏறி இறங்கும் மின்னூட்ட அலை). சாதாரண டி.எஃப்.டி.யில் (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துச் செய்யும் ஆற்றல் கணக்கு) ஓர் அணு மேலே, இரண்டு கீழே என ஒழுங்காக வருகிறது. வெள்ளீயத்தின் 5பி ஆர்பிட்டலில் ஹப்பார்டு யு-வை (ஒரே அணுவிலுள்ள எலக்ட்ரான்களின் விலக்கத்துக்கான திருத்தம்) ஏற்ற ஏற்ற எல்லாம் தட்டையாகிவிடுகிறது. எலக்ட்ரான் விலக்கம் அலைக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
பாதிதான் சரி. ஒரே அணுவுக்குள் உள்ள விலக்கம் (யு) எதிரி. பக்கத்து அணுக்களுக்கிடையே உள்ளது (வி) அலைக்குத் துணை. நீங்கள் யு-வை மட்டும் ஏற்றியிருக்கிறீர்கள்.

அணுவுக்கு ஒரு தொங்கு பிணைப்பு (இணை கிடைக்காமல் நீட்டி நிற்கும் பிணைப்பு), அதில் ஓர் எலக்ட்ரான். 3×3 கட்டத்தில் மேலேறிய அணு இரண்டை எடுத்துக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் அரை அரைதான் மிஞ்சும். விலகல் +1, −½, −½. காந்தமில்லாத சராசரிப்புலக் கணக்கில் செலவு 0.375 யு, வரவு 2.25 வி. ஆக யு 6 வி-க்குக் கீழே இருந்தால் விலக்கமே அலையின் பக்கம். அணு மேலேறுவதில் கிடைக்கும் நெகிழ்ச்சி ஆற்றலும் இந்த வரவோடு சேரும்.

பதில் 2:
அந்த 6 முதல் அண்டையோடு நிறுத்தியதால் வந்தது. √3 மடங்கு தொலைவிலுள்ள ஆறு அண்டைகளும் அதே வகை அணுக்கள், ஒன்றையொன்று தள்ளும். விலக்கம் தொலைவுக்குத் தலைகீழாகக் குறைகிறது என்று வைத்து எவால்டு முறையில் (தொலைதூர விலக்கங்களைக் கூட்டும் கணக்கு வழி) முழுக்கக் கூட்டினால் வரம்பு ஏறக்குறைய 3 வி-க்கு இறங்கிவிடும்.

இன்னொன்று, தொங்கு பிணைப்பின் அடர்த்தி கீழேயுள்ள ஜெர்மேனியத்திலும் பரவியிருக்கிறது. 5பி-யில் மட்டும் யு வைப்பது முரட்டு வைத்தியம். கலப்பின ஃபங்ஷனல் (டி.எஃப்.டி.யோடு ஹார்ட்ரீ-ஃபாக் பரிமாற்ற ஆற்றலில் ஒரு பங்கைக் கலப்பது) மேல். தொடக்கத்திலேயே 0.3 ஆங்ஸ்ட்ராம் மேடுபள்ளம் கொடுங்கள், சமச்சீராக ஆரம்பித்தால் கணக்கு தட்டையிலேயே மாட்டிக்கொள்ளும். போட்டியாளரையும் ஓட்டுங்கள்: 2√3×√3 கட்டத்தில் வரிசை எதிர்ஃபெர்ரோ காந்தம் (எலக்ட்ரான் சுழற்சி வரிசைக்கு வரிசை எதிரெதிராக). வித்தியாசம் அணுவுக்குச் சில மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். இரண்டு கட்டங்களிலும் கே-புள்ளி (எலக்ட்ரான் அலைகளை மாதிரி எடுக்கும் புள்ளிகள்) அடர்த்தி ஒன்றாக இல்லாவிட்டால் விடை வெறும் இரைச்சல். சிலிக்கான்(111) மேல் இதே வெள்ளீயம் 3×3-க்குப் போகாமல் மாட் மின்கடத்தாப்பொருளாகிறது (விலக்கத்தால் எலக்ட்ரான்கள் அணுவிலேயே முடங்கிவிடும்), அதையும் அதே அமைப்பில் சோதியுங்கள்.

கேட்டவர்:
எஸ்.டி.எம்.-இல் (பரப்பை அணு அணுவாகப் படமெடுக்கும் நுண்ணோக்கி) 210 கெல்வினுக்கு மேலேயே அங்கங்கே 3×3 தெரிகிறதே?

பதில் 1:
வெள்ளீயத்தின் இடத்தில் உட்கார்ந்த ஜெர்மேனிய அணுக்கள் அலையைத் தங்களைச் சுற்றிப் பிடித்துவைக்கின்றன. தவிர, அறை வெப்பநிலையிலும் வெள்ளீயத்தின் 4டி உள்மட்ட எலக்ட்ரான்களின் நிறமாலையில் இரண்டு கூறுகள் உண்டு, அதாவது இரண்டு வகை வெள்ளீய அணுக்கள். அணுக்கள் அங்கே தட்டையாக இல்லை. மேலும் கீழும் மாறிக்கொண்டிருக்கின்றன, எஸ்.டி.எம். அதன் சராசரியைக் காட்டுகிறது.