வெளியான கேமை எப்படி விற்பது? உதவி தேவை

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நடக்கும் புதிர் கேம் ஒன்றைத் தனியாளாகச் செய்து மார்ச்சில் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வெளியிட்டேன். விண்டோஸ் மட்டும், விலை 18 வெள்ளி (ரிங்கிட்). முதல் வாரம் 61 பேர் வாங்கினார்கள். அப்புறம் வாரத்துக்கு ஒன்றிரண்டுதான்.

ரிவ்யூ 7-இல் நிற்கிறது. 10 வந்தால்தான் ஸ்டீம் மதிப்பீட்டைக் காட்டும். நான் கொடுத்த இலவசக் கீயில் (கேமைத் திறக்கும் குறியீடு) விளையாடியவர்கள் எழுதுவது அதில் சேராது. ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழாவும் வெளிவராத கேம்களுக்குத்தான், தவறவிட்டேன். டிக்டாக்கில் 20 வீடியோ போட்டாயிற்று. 30 யூடியூபர்களுக்கு எழுதியதில் இரண்டு பேர் விளையாடினார்கள். பாட்டி விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் எடுக்க ரப்பர் மரம் சீவப் போகும் காட்சியில் ஒருவர் அழுதேவிட்டார்.

தோட்டத்தில் வளர்ந்த பலரிடம் கணினி இல்லை, கைப்பேசிதான். ஆண்ட்ராய்டுக்கு மாற்றுவதா, ஸ்டீமிலேயே தள்ளுபடி போட்டுப் பார்ப்பதா? விற்றுப் பார்த்தவர்கள் எதை முதலில் செய்யச் சொல்வீர்கள்?