அம்மா மறுபடி அட்மிட்: எங்கள் குடும்பக் குழுவில்

நான்: அக்கா, அம்மா மறுபடி ஆஸ்பத்திரியிலா? போன மாதம்தானே டிஸ்சார்ஜ் ஆனார்கள்?

மீனா அக்கா: ஆமாம்டா. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார்கள். கால் இரண்டும் வீக்கம். நீர் இறங்க ஊசி போட்டிருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை.

நான்: மாத்திரையை விட்டுவிட்டார்களோ?

மீனா அக்கா: ஒரு வேளைகூட விடவில்லை. டப்பாவில் பிரித்து வைப்பதே நான்தான்.

சித்தப்பா: பூண்டுப் பால் கொடும்மா. அடைப்பு கரையும் 🙏

கவிதா (மீனா அக்கா மகள்): சின்னத் தாத்தா, அம்மாச்சிக்கு அடைப்பு இல்லை. எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், பம்பிங்கும் 55 சதவீதம், அது சரியான அளவுதான். தசை விறைத்துப்போய், விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது. ரொம்ப வருடம் பிபி இருந்த வயதான பெண்களிடம் இந்த வகை ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாத நிலை) அதிகம்.

நான்: இதயத்துக்கு மருந்து போகிறதே, பிறகு ஏன் திரும்பத் திரும்ப?

கவிதா: மாமா, இதயத்தை மட்டும் பார்க்கிறோம், ஆளைப் பார்க்கவில்லை. போன தடவை வீட்டுக்கு வந்த பிறகு கூடத்தில் 4 மீட்டர் நடக்கச் சொன்னேன். 5 நொடிக்கு மேல் ஆனாலே மெதுவான நடை என்பார்கள். அம்மாச்சிக்கு 9. குக்கர் மூடியை அழுத்தித் திறக்கவும் கையில் வலு இல்லை. எப்போதும் அசதி. தானாக எடை குறைவது, அசதி, பிடியில் வலுக் குறைவு, மெதுவான நடை, நடமாட்டம் குறைவது, இந்த ஐந்தில் மூன்று இருந்தால் உடல் நலிவு என்று அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃப்ரீட் குழு 2001-லேயே வகுத்தது. ஹார்ட் ஃபெயிலியர்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல். இவர்கள்தான் அதிகம் திரும்பி அட்மிட் ஆவதும்.

மீனா அக்கா: ஆனால் எடை குறையவே இல்லையேடி?

கவிதா: சதை கரைகிறது, அந்த இடத்துக்கு நீர் சேர்கிறது. மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதானே.

நான்: போனில் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார்கள். சமையலும் அவர்கள்தான்.

மீனா அக்கா: அங்கேதான் இருக்கிறது விஷயம். பெரியப்பாவுக்கு இதே நோய் வந்தபோது பெரியம்மா தினமும் எடை பார்த்துக் காலண்டரில் எழுதினார்கள். உப்புக் குறைத்துத் தனிக் குழம்பு. அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்ச ரசமும் ஊறுகாயும் சாப்பிட்டுப் படுக்கிறார்கள். அடுப்படியில் நிற்கிற வரை நல்லாயிருக்கிறார்கள் என்று நாமும் இருந்துவிடுகிறோம்.

அப்பா: எடை நான் எழுதுகிறேன். எப்போது பார்க்க வேண்டும்?

கவிதா: காலையில் பாத்ரூம் போய் வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னால், தாத்தா. 3 நாளில் 2 கிலோ கூடினால் டாக்டருக்கு உடனே போன். அப்புறம் அம்மாச்சி பையில் முட்டி வலி மாத்திரை அட்டை இருந்தது. டைக்ளோஃபினாக். அது உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும். அம்மா, அதை இன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடு.

மீனா அக்கா: சரி. நடைப் பயிற்சிக்கு ஆள் வைக்கலாமா? செலவுக்குப் பலன் இருக்குமா?

கவிதா: இருக்கும். அமெரிக்காவில் ஹார்ட் ஃபெயிலியரால் அட்மிட் ஆன 349 முதியவர்களிடம் செய்த ஆய்வு 2021-ல் வந்தது. 3 மாதப் பயிற்சியில் நடை, சமநிலை, வலு எல்லாம் நன்றாகத் தேறின. திரும்ப அட்மிட் ஆவது மட்டும் குறைந்ததாகத் தெரியவில்லை. அதனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிந்தாலே அம்மாச்சிக்குப் பெரிய விஷயம்.

நான்: சமையலுக்கு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சம்பளம் நான் அனுப்புகிறேன்.

மீனா அக்கா: வேறு ஒருத்தி அடுப்படிக்குள் வர அம்மா விட வேண்டுமே 😄

அப்பா: அதை நான் பேசிக்கொள்கிறேன். தண்ணீர் எவ்வளவு கொடுக்கலாம் கவிதா?

கவிதா: நாமாகக் குறைக்க வேண்டாம் தாத்தா. டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.