சின்ன ஹோம் தியேட்டர் அறை: 5.1 இப்போதேவா, 3.1 போதுமா?

கேள்வி: அறை 12க்கு 14 அடி. ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர்) 6 ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கரைத்தான் தாங்கும். பட்ஜெட் கம்மி. 5.1-க்கு ஐந்து ஸ்பீக்கரையும் (முன்பக்கம் மூன்று, பின்பக்கச் சத்தத்துக்கு சரவுண்ட் இரண்டு) மலிவாக வாங்கவா, 3.1-க்கு முன்பக்கம் மூன்றை மட்டும் நல்லதாக எடுக்கவா?

பதில் 1: முன்பக்கம் மூன்றும் ஒரு சப்வூஃபரும் (பேஸ் சத்தத்துக்கான பெட்டி, 3.1-இல் அந்த '.1') எடுங்க. வசனம் பெரும்பாலும் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்றும் ஒரே சீரிஸா இருக்கணும். இல்லேன்னா திரையில் கார் குறுக்கே போகும்போது சத்தத்தின் குணமே நடுவில் மாறிடும். தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் தேவையில்லை, சின்ன புக்‌ஷெல்ஃப் போதும். 4 ஓம் ஸ்பீக்கர் பக்கம் போகாதீங்க, ரிசீவர் சூடாகி அணைஞ்சிடலாம். ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் (இதுக்குக் கீழே உள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போகும்) 80 ஹெர்ட்ஸ், சரவுண்ட் 'இல்லை'ன்னு வைங்க. சரவுண்டை 'இல்லை'ன்னு மாத்தாம விட்டா பின்பக்க ஸ்பீக்கருக்கான சத்தம் காணாமப் போயிடும்.

பதில் 2: சப்வூஃபரை முதலில் நீங்க உட்காரும் இடத்தில் வைங்க. பேஸ் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமா தவழ்ந்து போய்க் கேளுங்க. எங்கே சீரா கேட்குதோ அங்கேதான் அதன் இடம். பார்க்கச் சிரிப்பாத்தான் இருக்கும்!

கேள்வி கேட்டவர்: சரவுண்ட் பிறகு சேர்த்தால் எங்கே வைக்கணும்?

பதில் 1: பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னால், நீங்க நேரா திரையைப் பார்க்கும் திசையிலிருந்து 110 முதல் 120 டிகிரி, காதுக்குக் கொஞ்சம் மேலே. 16 கேஜ் (ஒயரின் தடிமன் அளவு) சுத்தச் செம்பு ஒயரை இப்பவே இழுத்துடுங்க. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறினால் பேஸ் மெலிஞ்சிடும்.